கற்றது தமிழ்: சம்பளம் தெரிந்தது, வேலை தெரியவில்லை

‘சார், தமிழ விட்டுட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டுமா?’ சிம்பாங் ரெங்கம் பக்கம் இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் யாருக்கும் படிவம் 4 தொடக்கத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. சில வேளைகளில் கேள்வியோடு ஒரு படத்தின் பெயரும் சேர்ந்து வரும். ‘கற்றது தமிழ் பார்த்தீங்களா சார்? தமிழ் படிச்சவன் கதி என்னாச்சுன்னு?’ இயக்குநர் ராமின் முதல் படம் அது. 2007 அக்டோபரில் வெளியானது. இப்போது எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். இருந்தும் அந்தப் படத்தின் வாதம் அவர்கள் வாயில் இருக்கிறது. ஆகவே அந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கதையை நீட்ட வேண்டாம். பிரபாகர் (ஜீவா) தன் ஆசிரியரின் தாக்கத்தால் தமிழை விரும்பி எடுத்து எம்.ஏ. முடிக்கிறான். சென்னையில் பள்ளி ஆசிரியர் வேலை, மாதம் 2000 ரூபாய் சம்பளம். சுற்றிலும் கணினித் துறை இளைஞர்கள் பல மடங்கு சம்பாதிக்கிறார்கள். அவமானமும் இழப்பும் சேர்ந்து அவனைக் கொலைகாரனாக்குகின்றன. தமிழாசிரியராக வரும் அழகம்பெருமாளின் நடிப்பு, ஆனந்தியின் பகுதிகள், நா. முத்துக்குமாரின் வரிகள், யுவன் சங்கர் ராஜாவின் இசை எல்லாம் இன்றும் நிற்கின்றன. ஒரு சமூகம் எதற்கு எவ்வளவு கூலி கொடுக்கிறது என்ற கேள்வியை இவ்வளவு கோபமாகக் கேட்ட தமிழ்ப்படங்கள் குறைவு. அந்தப் பாராட்டு அதற்கு உரியது.

படத்தின் குறை எதிர்த்தரப்பைக் காட்டும் விதத்தில் இருக்கிறது. கணினித் துறையில் இருப்பவன் இதில் ஒரு சம்பளத் தொகையாக வருகிறான், ஒரு உடையாக வருகிறான், ஒரு வாழ்க்கைமுறையாக வருகிறான். அவன் எந்த ஊர்ப் பிள்ளை, எவ்வளவு கடன் வாங்கிப் படித்தான், எதைக் கற்றுக்கொண்டான், நாள் முழுக்க என்ன செய்கிறான் என்பதில் படத்துக்கு அக்கறையில்லை. திறனாய்வு மொழியில் சொன்னால் பிரபாகர் ஒரு பாத்திரம், மற்றவர்கள் வெறும் வகைமாதிரி. தேர்வு மாணவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கதை சொல்பவனே பிரபாகர்தான், அதனால் அவன் கண்ணில் பட்டதுதான் நமக்கும் தெரியும் என்று படத்துக்காக வாதாடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் பார்க்கிற நாம் அந்தக் கண்ணையே நம் கண்ணாக வைத்துக்கொண்டால் சிக்கல்.

முதல் சிக்கல் நாடு. பிரபாகரின் 2000 ரூபாய் தமிழகத் தனியார் பள்ளி ஒன்றின் கதை. நம்ம நாட்டு அரசுப்பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் தமிழ் சொல்லிக்கொடுத்தாலும் கணிதம் சொல்லிக்கொடுத்தாலும் ஒரே சம்பளத் தரநிலைதான். தமிழ் எடுத்ததற்காக அவருக்கு யாரும் வெள்ளியைக் குறைத்துக் கொடுப்பதில்லை. இங்கே தமிழுக்கு உள்ள ஆபத்து வேறு மாதிரியானது. அது கூடுதல் பாடம், நேர அட்டவணையில் கடைசியில் இடம் தேடும் பாடம். அந்த ஆபத்தைப் பற்றி இந்தப் படம் நமக்கு எதுவும் சொல்லாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. தமிழும் கணினியும் இரண்டு எதிரி முகாம்கள் என்று படம் வைத்துக்கொள்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நடந்தது வேறு. நா. கோவிந்தசாமி பள்ளி ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கணினிப் பட்டம் பெற்று வந்தவர் அல்ல. அவர்தான் ‘கணியன்’ என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது தமிழ்க் கவிதைகள் அவர் முயற்சியால் தமிழ் எழுத்திலேயே திரையில் வந்தன. அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்த அந்தப் பக்கங்களைத்தான் இணையத்தில் தமிழின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். ‘இணையம்’ என்ற சொல்லே அவர் தந்தது என்பார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின்னணியிலும் அவர் இருந்தார். 1999-இல் காலமானார்.

ஒரு தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை? ‘கெ’ என்று எழுதிப் பாருங்கள். கையால் எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ககரம் பின்னால் வருகிறது. ஒலியில் முதலில் மெய், அதன் பிறகே உயிர். ‘கொ’ என்றால் இன்னும் வேடிக்கை, ஒரே உயிரின் குறி ககரத்துக்கு இரு பக்கமும் நிற்கிறது. கணினி இதில் எந்த வரிசையைச் சேமிக்க வேண்டும், பார்க்கும் வரிசையையா, ஒலிக்கும் வரிசையையா? அகரவரிசைப்படுத்தும்போது ‘கெ’ எங்கே போய் உட்காரும்? 247 எழுத்தை விசைப்பலகையின் சில பத்து விசைகளில் எப்படி அடக்குவது? பழைய எழுத்துருக்கள் பல கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பிடித்துக்கொண்டன. யூனிகோடு ஒலி வரிசையைப் பிடித்தது: முதலில் க, அடுத்து எகரக் குறி, திரையில் மட்டும் இடம் மாறும். ‘உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய்’ என்று ஆண்டு 1-இல் நாம் சொல்லிக்கொடுக்கிற அதே சங்கதிதான் இது. புணர்ச்சி விதிகளும் அப்படித்தான். நிலைமொழி ஈறு இது, வருமொழி முதல் இது என்றால் இன்னது தோன்றும் அல்லது திரியும் அல்லது கெடும். நிரல் எழுதுகிறவர் நாள் முழுக்கச் செய்வதும் ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்ற வேலையைத்தான்.

நம்ம நாட்டு உதாரணம் எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். முத்து நெடுமாறன் பொறியியல் படித்தவர். தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தொகுத்தவர். மகன் 1980களில் ‘முரசு அஞ்சல்’ செயலியைத் தொடங்கினார். 2005 பொங்கலுக்கு ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியில் தமிழ் வந்தது. இப்படி வளர்ந்தவருக்குப் பிரபாகரின் உலகில் இடமே இல்லை.

மூன்றாவது: ‘ஐ.டி.’ என்றால் குளிர்சாதன அறை, கழுத்தில் அடையாள அட்டை என்ற படிமம். மாணவர் கட்டுரைகளிலும் இதே படிமம் சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது. (திருத்துகிறவர்களுக்குச் சலித்துவிட்டது, அது வேறு கதை.) சிம்பாங் ரெங்கம் டோலில் ஏறித் தெற்கே போனால் கூலாய், செடெனாக். செம்பனைத் தோட்டங்கள் இருந்த பக்கத்தில் இப்போது தரவு மையங்கள் எழும்புகின்றன. அங்கே நிரலாளர் மட்டும் போதாது. ஆயிரக்கணக்கான கணினிகள் கக்கும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டல் தொழில்நுட்பர் வேண்டும். மின்சக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற சார்ஜ்மேன் வேண்டும். கேபிள் இழுப்பவர், இரவு முழுக்கத் திரையைக் கண்காணிப்பவர் எல்லாரும் வேண்டும். இதற்கு வழி தொழிற்கல்லூரியிலிருந்தும் போலிடெக்னிக்கிலிருந்தும் உண்டு. பட்டப்படிப்புதான் என்றால் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும் ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நமக்கு அதிகத் தூரமில்லை. தோட்டத்தில் வேலை செய்தவரின் பேரன் அதே நிலத்தில் சார்ஜ்மேனாக நிற்பது நடக்கக்கூடிய கதை. அதைப் பாத்திரமாக்கும் சிறுகதைக்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது.

படத்தை வகுப்பில் பேச விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. வன்முறை அதிகம், தற்கொலை முயற்சியும் உண்டு. முழுப்படத்தையும் போட்டுக் காட்ட வேண்டாம். கதையைச் சொல்லிவிட்டு ‘பிரபாகரின் கோபம் யார் மீது இருக்க வேண்டும்?’ என்று கேட்டாலே போதும். கணினிக்காரன் மீது என்று ஒரு குழு, அந்தச் சம்பளத்தை முடிவு செய்தவர்கள் மீது என்று ஒரு குழு வாதிடட்டும். எனக்கு இரண்டாவது குழுவின் பக்கம்தான் படமே சாய்கிறது என்று படுகிறது, ஆனால் அதன் கத்தி விழுவது என்னவோ முதல் பக்கத்தில்.

எஸ்.டி.பி.எம். மாணவர்கள் ஒப்பிட விரும்பினால் இரண்டு நாவல்கள் இருக்கின்றன. இரா. முருகனின் ‘மூன்று விரல்’, விநாயக முருகனின் ‘ராஜீவ்காந்தி சாலை’. இருவருமே கணினித் துறையில் வேலை பார்த்தவர்கள். வேலையை உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதுவதற்கும் வெளியே 2000 ரூபாயோடு நிற்பவன் பேசுவதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.