சாமுவேல் ஆர். டெலனி: இலக்கிய இடம்

சாமுவேல் ஆர். டெலனி (பிறப்பு: ஏப்ரல் 1, 1942) அமெரிக்க அறிவியல்புனைவு எழுத்தாளர், விமர்சகர். நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். ‘பேபல்-17’, ‘தி ஐன்ஸ்டைன் இன்டர்செக்‌ஷன்’ நாவல்களுக்காக நெபுலா விருது பெற்றார். 1972-ல் ‘வொண்டர் வுமன்’ காமிக்ஸின் இரு இதழ்களுக்குக் கதை எழுதினார்.

டெலனியின் படைப்புலகை அறிய இரு சிறிய ஆக்கங்களை அருகருகே வாசிக்கலாம். ‘ஐ, அண்ட் கொமோரா’ (1967) சிறுகதையில் விண்வெளிப் பணிக்காகச் சிறுவயதிலேயே பாலடையாளம் நீக்கப்பட்டவர்கள் வருகிறார்கள். அவர்களால் திரும்ப விரும்ப இயலாது என்பதனாலேயே சிலர் அவர்களை விரும்புகிறார்கள். அங்கே உறவு பணத்துக்கான பேரமாகச் சுருங்குகிறது. வெளியே சொல்லமுடியாத விழைவைச் சொல்ல டெலனிக்கு அன்று எதிர்காலம் என்னும் திரை தேவைப்பட்டது.

மியா வுல்ஃபின் ஓவியங்களுடன் வந்த ‘பிரெட் அண்ட் வைன்’ (1999) தன்வரலாற்றுக் காமிக்ஸில் அந்தத் திரை இல்லை. நியூயார்க் தெருவில் பழைய புத்தகம் விற்ற வீடற்ற ஒருவருக்கும் டெலனிக்கும் உருவான காதலே அதன் கதை. கல்வி, வசதி, நிறம் ஆகிய வேறுபாடுகளை அது மறைப்பதில்லை. சிறுகதையில் நிறைவேறாத விழைவு இங்கே அன்றாட வாழ்க்கையாகிறது.

கற்பனை வீச்சில் சிறுகதையே மேலானது. ஆனால் அதிலுள்ள தனிமையின் ஆழத்தை முழுதாகக் காட்டுவது பின்னர் வந்த காமிக்ஸ்தான்.