மூத்தோர் தொண்டும் கைமாற்றமும்: வற்றாப்பளை மரபை முன்வைத்து

வன்னியின் கிராமக் கோயில்களில் தொண்டு என்பது பெரும்பாலும் குடிவழியாக வந்து, உடலில் வலுவுள்ள வரை ஒருவர் கைவிடாது ஆற்றும் கடமையாகும். இதனை 'ஆயுள் தொண்டு' எனக் குறிப்பிடலாம். முதியவரின் நிறைவுக்கும் இளையவரின் வளர்ச்சிக்கும் இம்முறை எவ்வளவு இடமளிக்கிறது என்பதை மதிப்பிட, முல்லைத்தீவு மாவட்டத்தின் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் தக்க சான்றாகும்.

வைகாசியில் நிகழும் இப்பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னுள்ள திங்கட்கிழமையன்று கடலில் தீர்த்தம் எடுக்கப்பட்டு, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரைக் கொண்டே விளக்கு எரிக்கப்படுகிறது. குடத்தை எப்படி ஏந்துவது, எந்த இடத்தில் நிற்பது, எப்போது வாய் திறவாதிருப்பது என்பவற்றை ஏட்டில் படித்து எவரும் கற்பதில்லை. பல ஆண்டுகள் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே அவை கைவருகின்றன. ஆயுள் தொண்டின் முதன்மையான பலம் இதுவே. 2009 மே மாதத்தில் கோயிலுக்கு அண்மையிலுள்ள நந்திக்கடல் கரையில் உள்நாட்டுப் போர் முடிவுற்று, மக்கள் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டுப் பின்னர் மீளக்குடியேறியபோது, முழுமையாக எழுத்தில் அடங்காத இத்தகைய சடங்குகளுக்கு முதியோரின் நினைவே ஆதாரமாயிற்று. வீடும் வயலும் இழந்த ஊருக்கு, பழைய முறை தெரிந்த ஒருவர் கோயில் வாசலில் நிற்பது பெரும் ஆறுதலாகும்.

ஆயினும் அந்தப் பலத்தினுள்ளேயே குறையும் இருக்கிறது. ஒருவரின் நினைவில் மட்டும் தங்கிய அறிவு அவருடனேயே மறையக்கூடியது. போர் பலரைக் கொன்றும் புலம்பெயர்த்தும் இடைத்தலைமுறையை மெலியச் செய்துவிட்டதால், தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே நின்று கற்றுத்தர வேண்டியவர் பல குடும்பங்களில் இல்லை. அத்துடன், தொண்டிலிருந்து விலகுவது மதிப்பிழப்பாகக் கருதப்படுவதால், கை நடுங்கும் காலத்திலும் சில பெரியவர்கள் பொறுப்பை விடத் தயங்குகின்றனர். இளைஞர்களோ பந்தல் போடவும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும் அழைக்கப்படுகிறார்களே தவிர, முடிவெடுக்கும் இடத்தில் அமர்த்தப்படுவதில்லை. பொறுப்புத் தரப்படாதவர் கோயிலைத் தமதென உணர்வது அரிது.

வவுனியாவையும் உள்ளடக்கிய மன்னார் மறைமாவட்டத்தில் வேறொரு முறை காணப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஆயர்கள் 75 வயதில் பதவி விலகல் கடிதம் தருமாறு வேண்டுகிறது. 1992 முதல் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகையின் விலகல் 2016 ஜனவரியில் ஏற்கப்பட்டது. விதி பொதுவானதாக இருப்பதால் விலகுபவருக்கு இதில் அவமானமில்லை. ஆனால், வயதெல்லை பதவியை மாற்றுமே ஒழிய, உடல்வழி கற்கும் அறிவை மாற்றாது. எனவே கிராமக் கோயிலுக்கு அதை அப்படியே பொருத்துவது போதாது.

பொருத்தமான வழி முள்ளியவளையிலேயே இருக்கிறது. பொங்கலையொட்டிக் காட்டா விநாயகர் கோயிலில் ஆடப்படும் கோவலன் கூத்தில், அண்ணாவியார், அதாவது கூத்தைப் பயிற்றி நடத்தும் ஆசான், களரியில் நின்று ஆட்டத்தை நடத்த, இளையவர்கள் ஆடுகின்றனர். அடி தவறினால் அங்கேயே திருத்த அவர் இருக்கிறார். இங்கு முதுமை ஒதுக்கப்படுவதில்லை. அதற்கென்று மதிப்பான ஓரிடம் உண்டு. சடங்குத் தொண்டில் இல்லாதது இத்தகைய ஓரிடமே.

கோயிலின் தலக்கதையும் இதற்கு இசைவானது. மதுரையை எரித்த கண்ணகி முதியவளாக இங்கு வந்து, மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் உணவும் விளக்கும் கேட்டாள் என்றும், எண்ணெய் இல்லையென்ற அவர்களிடம் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னாள் என்றும் மரபு கூறுகிறது. சொல் முதியவளுடையது, ஏற்றிய கைகள் சிறுவர்களுடையவை. எனவே, உரிமையுடைய பெரியவர் வலுவோடு இருக்கும்போதே, அதே உரிமைவழி இளையவர் ஒருவர் தீர்த்தக்குடத்தைச் சுமக்க, பெரியவர் அவர் பின்னால் நடந்துவரும் வழக்கத்தை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்று பிழை நேர்ந்தாலும் திருத்துவதற்கு ஆள் இருப்பார். பெரியவர் மறைந்த பின் நேரும் பிழையை, பிழையென்று அறியவும் எவரும் இருக்கமாட்டார்.