ஒரு பீஸுக்காக லாட்டையே தள்ளலாமா?

திருப்பூரில் மண்ணரைப் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தையல் விட்டிருந்தால் அந்த ஒரு பீஸைத்தான் எடுத்துப் போடுவார்கள். லாட் முழுவதையும் தள்ளிவிட மாட்டார்கள். கால்பந்தின் நாக்-அவுட் முறையோ லாட்டையே தள்ளுகிற முறை. 90 நிமிடம் சரியாக அமையாவிட்டால், வருடம் முழுக்க எடுத்த பயிற்சியோடு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

இருந்தும் இது நிலைத்திருப்பதற்குக் காரணம், கையில் காசும் நாளும் இல்லாதவர்களுக்கு இதை விட்டால் வழியில்லை. போரில் சிதைந்த ஜெர்மனி, 1948இல் தேசிய சாம்பியனை இப்படித்தான் தேடியது. எட்டு அணிகள், தோற்றால் வெளியே. கொலோன் நகரில் ஆகஸ்ட் 8 அன்று நடந்த இறுதியாட்டத்தில் நியூரம்பெர்க் 2-1 என்று கைசர்ஸ்லாட்டனை வென்றது. ஆனால் காலிறுதியில் அது பந்தையே தொடவில்லை. எதிரணியான பிளானிட்ஸ் சோவியத் பகுதியிலிருந்து வர அனுமதி கிடைக்கவில்லை. லீக்கில் ஓர் ஆட்டம் நடக்காமல் போனால் சின்னக் குறை. நாக்-அவுட்டில் ஒரு சுற்றே ஓசியில் தாண்டப்படுகிறது. அந்த நாட்டுக்கு புண்டஸ்லிகா என்ற தேசிய லீக் வர 1963 ஆயிற்று.

நம் தேசிய சாம்பியன்ஷிப்பான சந்தோஷ் டிராபி 1941இல் தொடங்கியது. முதல் கோப்பை வங்காளத்துக்கு. இறுதியில் டெல்லி 5-1 என்று தோற்றது. நாக்-அவுட்டில் சின்ன அணிக்கும் வாய்ப்பு உண்டு என்பார்கள். 1946இல் மைசூர் வங்காளத்தை வீழ்த்தியது உண்மைதான். ஆனால் 2024 முடிய வங்காளம் வென்றது 33 முறை. தமிழ்நாடு ஒருமுறைகூட இல்லை. 2012 இறுதியில் சர்வீசஸிடம் 2-3 என்று நழுவவிட்டோம், அவ்வளவுதான். ஆக, எப்போதாவது வரும் அதிர்ச்சியை வாய்ப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. பின்னாளில் இந்தப் போட்டியிலும் குழுச் சுற்றுகளைச் சேர்த்தார்கள். கேரளம் 2022இல் மஞ்சேரியில் பெனால்டியில் வங்காளத்தை வென்றபோது யாருக்கும் உறுத்தவில்லை. குழு ஆட்டத்திலேயே அதே அணியை 2-0 என்று வென்றிருந்ததே.

திருப்பூரில் நடக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கு வருவோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாள் லீவு. காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் கோப்பையைக் கொடுத்தாக வேண்டும் என்றால் நாக்-அவுட்டைக் குறை சொல்ல முடியாது. (கூட்டம் கூடுவதும் அதற்குத்தான்.) என் வருத்தமெல்லாம் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு ஒன்பது மணிக்கே தோற்று, பூட்ஸைக் கழற்றிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பையன்களைப் பற்றியது. ஒரே ஆட்டத்தில் எவன் கற்றுக்கொள்வான்?

16 அணிகள் வந்தால் நாக்-அவுட்டுக்கு 15 ஆட்டம் போதும். எட்டு அணிகள் முதல் ஆட்டத்தோடு வீடு திரும்பும். நான்கு நான்காகப் பிரித்து ஆடவிட்டு, குழுவுக்கு ஓர் அணியாகக் கடைசி நான்குக்கு மட்டும் நாக்-அவுட் வைத்தால் 27 ஆட்டம். எந்த அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். அதற்கு இன்னும் ஒரு ஞாயிறு பிடிக்கும். போட்டி நடத்துகிறவர்கள் அந்த ஒரு ஞாயிற்றைக் கொடுக்க வேண்டும்.