பந்தில்லாத பயிற்சி

கள்ளக்குறிச்சியில் கல்லூரி மைதானத்துச் சிமென்ட் தரையில் கூடைப்பந்து விழும் சத்தம் எனக்குப் பிடிக்கும். நெஞ்சுக்குள் யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும். புது மாஸ்டர் வந்தபின் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கபடிக்காரர்கள். அதனால் பந்தை ஓரங்கட்டிவிட்டுக் காலைத்தான் பழக்குகிறார். ஒரு கால் ஊன்றியிருக்க, மறுகால் மட்டும் சுழல வேண்டும். ஊன்றிய கால் பெயர்ந்தால் விசில். "குதிகாலைத் தூக்குப்பா" என்பதற்கு மேல் பேச்சில்லை. இந்தப் பொறுமை லேசில் வராது.

கல்வராயன் மலைப் பக்கம் வெயில் சாயும்போதுதான் பந்து கைக்கு வரும். புள்ளிகள் மழுங்கி, செம்மண் தூசு படிந்து வழுக்கும் பந்து. மலையிலிருந்து வந்த பையன் ஒருவன் அதை விரல் நுனியில் உருட்டி, மணிக்கட்டை மடக்கி விடுகிறான். 10 அடி உயரத்து வளையத்தில் வலையில்லை. உள்ளே போனதைக் கண்தான் சொல்ல வேண்டும். பத்துக்கு நாலு விழுகிறது.