கலைக்க முடியாத ஜூரி

தாம்பரம் மின்ரயிலில் காலைப் பத்திரிகை விரிந்ததும் விசாரணை தொடங்கிவிடுகிறது. பல்லாவரம் வருவதற்குள் ஒருவர் 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். சாட்சியம் வேண்டாம்; ஆளின் சாயல் போதும்.

லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என். எஸ். கிருஷ்ணனையும் சென்னை ஹைகோர்ட் ஜூரி 1945ல் குற்றவாளிகள் என்றது. ஆயுள் தண்டனை. வழக்கு ப்ரிவி கௌன்சில் வரை போய்த் திரும்பி, 1947ல் இருவரும் விடுதலையானார்கள். ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஜனங்களும் அப்படித்தான். விடுதலைக்குப் பின் அவர்கள் தந்த தீர்ப்புதான் யோசிக்கத் தக்கது.

ஒரே வழக்கு, ஒரே விடுதலை. கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949), 'மணமகள்' (1951) என்று பழைய இடத்துக்கு வந்துவிட்டார். பாகவதரின் 'ராஜமுக்தி' (1948) எடுபடவில்லை. பின்வந்தவையும் அவரைத் தூக்கி நிறுத்தவில்லை. பாட்டு மோகம் குறைந்தது என்பது பாதிக் காரணம். கோமாளி ஜெயிலுக்குப் போய்வரலாம், பக்தன் போகக் கூடாது என்பது மீதி. அவர் உள்ளே இருந்தபோதும் 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் திருந்திய காமுகனை மன்னித்தவர்கள், மன்னிக்க ஏதுமில்லாத மனிதரிடம் அந்தத் தாராளத்தைக் காட்டவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது பிம்பம்.

1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லாமல் போயிற்று. ரயில் பெட்டியில் இருக்கிறது. அதில் நானும் ஒருவன்: பாங்க் கவுண்டரில் செக்கின் கையெழுத்தைப் பார்க்குமுன், நீட்டியவனின் சட்டையைப் பார்க்கிறவன்.