ஹோவர்டின் இரு நூல்கள்

இயற்கை உழவைப் பற்றிப் பேசுவோர் பலரும் சான்றாகக் கொள்வது, ஆல்பர்ட் ஹோவர்டு 1940-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வேளாண்மைச் சாசனம்’ என்று பொருள்படும் ஆங்கில நூலாகும். அதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன், 1931-இல், யஷ்வந்த் வாடு என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து அவர் எழுதிய நூலோ அத்துணை அறிமுகமானதன்று. அது வேளாண்மைக் கழிவுகளை மட்கிய எருவாக்கும் முறையைக் கூறுவது. சிறு காய்கறித் தோட்டக்காரருக்கு இவ்விரண்டனுள் எது துணையாகும் என்பது ஆராயத்தக்கது.

பிந்திய நூலின் பெருமையை மறுத்தற்கில்லை. 1905 முதல் பூசாவிலும், 1924 முதல் 1931 வரை இந்தூரிலும் பணியாற்றிய ஓர் அறிவியலார், உழவரையும் பூச்சிகளையுமே தம் ஆசிரியராகக் கொண்ட வரலாறு அது. மண் நலமே பயிர் நலம் என்னும் உண்மையை உலகறியச் செய்ததும் அதுவே.

ஆயினும், ஆர்வம் அளவையை மீறும் இடங்களும் அதில் உண்டு. பூசாவில் நன்கு பேணி வளர்த்த தம் எருதுகள், கோமாரி கண்ட அயல் மாடுகளோடு மூக்குரசியும் நோயுறவில்லை என்கிறார் ஆசிரியர். வேறு தீனி தின்ற மாடுகளை உடன் நிறுத்தி அவர் ஒப்பிட்டுக் காட்டினாரல்லர். ஒப்பீடு இல்லாத காட்சி வியப்பைத் தரும், முடிவைத் தராது.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. நல்ல எரு இட்டால் நோயே அணுகாது என்று நம்பி, மெர்லிமாவில் ஒருவர் ஒரே பாத்தியில் மீண்டும் மீண்டும் கத்தரி நட்டால் என்னாகும்? வாடல் நோய்க் கிருமி மண்ணிலேயே நெடுநாள் தங்குவது. எருவோடு பயிர் மாற்றமும், நோய் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டிய நாற்றும் வேண்டும். பெருந்தோட்டம் ஒரு பருவ இழப்பைத் தாங்கும். கால் ஏக்கர்க்காரர் தாங்கார்.

முந்திய நூல் இத்தகைய வாக்குறுதி எதுவும் தருவதில்லை. அடுக்கும் முறை, ஈரம், வெப்பம், செலவு ஆகியவற்றை அது அளந்து கூறுகிறது. மும்முறை புரட்டினால் மூன்று திங்களில் எரு முதிரும் என்கிறது. மழைக்காலத்தில் குழியை விட்டு நிலத்தின்மேல் குவியலாக்கச் சொல்வது, மழை மிகுந்த மலாக்காவுக்கும் பொருந்தும். சாணமும் சருகும் மிகுந்த இந்தூரின் முறையை, செம்பனை ஆலையின் வெறுங்குலைக்கும் கோழி எருவுக்கும் மாற்றியமைத்தல் அரிதன்று. வெறுங்குலையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. கோழி எரு அக்குறையை நிரப்பும். கரிமம் ஏறத்தாழ 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பதே குவியலுக்கு ஏற்ற அளவு.

மலேசிய வேளாண்மைத் துறை 2003-இல் தொடங்கிய இயற்கை வேளாண்மைச் சான்றிதழ்த் திட்டம் இன்று மைஆர்கானிக் என வழங்குகிறது. சான்றிதழ் விளைபொருளுக்கு மதிப்பைத் தரும். விளைச்சலைத் தருவது அளவறிந்த செயலே. ஹோவர்டின் சாசனத்தைப் போற்றுவோர் பலர். அவருடைய அட்டவணைகளை நம் மண்ணில் சோதித்து, எளிய தமிழில் ஆக்கித் தருவோரே இன்று வேண்டப்படுவர்.