அடைக்கலமா, கடனா? கிரிப்டோ வைப்பகங்களும் சென்னை உயர் நீதிமன்ற ஆணையும்

மலர்க் கட்டுரை என்றால் ஒரு காப்பியத்தையோ கல்வெட்டையோ எடுத்துக்கொண்டு ஆராய்வதுதான் நம் சங்கத்து வழக்கம். இந்த முறை நான் ஒரு நீதிமன்ற ஆணையை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் ஒரு நூல்தான். அதற்கும் சொல் உண்டு, பொருள் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் பிறப்பித்த அந்த ஆணை, கிரிப்டோ காசு ஒரு சொத்துதான் என்கிறது. அதை ஒருவர் இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்கிறது. சட்டம் படித்தவர்கள் இதை வேறு விதமாகப் பார்ப்பார்கள். நான் சிக்கப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளாகத் துணி வியாபாரம் செய்பவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. பேரேடு எழுதிப் பழகிய கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

இரண்டு சொற்கள்

தமிழில் அடைக்கலம் என்பது வேறு, கடன் என்பது வேறு. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியான கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே அடைக்கலக் காதை என்றுதான் பெயர். ஏற்றுக்கொண்ட மாதரிக்குக் காக்கும் கடமை உண்டே தவிர, வேறு உரிமை எதுவும் கிடையாது.

எங்கள் பேட்டையிலும் இது தினசரி நடப்பு. வெளியூர் வியாபாரி ஒருவர் கொள்முதலுக்கு வருவார். "அண்ணே, இந்த ரெண்டு மூட்டையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டுப் போவார். அது அடைக்கலம். அந்த மூட்டையைப் பிரித்து விற்க எனக்கு உரிமை இல்லை. நாளைக்கே என் கடை மூழ்கினாலும் என் கடன்காரர்கள் அந்த மூட்டையில் கை வைக்க முடியாது. என் ஐந்தொகையில் அது ஏறவே ஏறாது.

அதே மனிதர் ஐம்பதாயிரம் ரூபாயை என் கையில் கொடுத்து, நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி பேசினால் அது கடன். அந்தப் பணத்தை நான் சரக்கில் போடுவேன், புரட்டுவேன். கடை மூழ்கினால் அவரும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அடைக்கலத்துக்கு வட்டி கிடையாது. கொடுத்தால் கூலிதான் கொடுக்க வேண்டும். கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டி என்பதே ஆபத்தை ஏற்றதற்கான ஊதியம்.

இந்த இரண்டையும் குழப்புவதைப் பழைய அறநூல்கள் எங்கே வைத்தன என்பதும் கவனிக்கத் தக்கது. தத்துவார்த்த சூத்திரம், நம்பி ஒப்படைத்த பொருளை அபகரிப்பதை இல்லறத்தாரின் வாய்மை விரதத்துக்கு நேரும் குற்றங்களில் ஒன்றாகச் சொல்கிறது. களவுக் குற்றங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. வைத்தவன் கணக்கு மறந்து குறைத்துக் கேட்டால், "ஆமாம், அவ்வளவுதான்" என்று கொடுத்து அனுப்புவதும் இந்தக் குற்றமே என்பார்கள் உரைகாரர்கள். அதாவது கை திருடுவதற்கு முன்னால் வாய் பொய்த்துவிடுகிறது. நம் காலத்து வைப்பகங்களின் கதையைப் படிக்கும்போது இந்தப் பகுப்பு எவ்வளவு நுட்பமானது என்று விளங்கும்.

வங்கிகள் கற்ற பாடம்

வங்கியில் நாம் போடும் பணம் பாதுகாப்பாக வைத்த மூட்டை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டப்படி அது நாம் வங்கிக்குக் கொடுத்த கடன். இந்த உண்மையைத் தமிழ்நாடு 1906 அக்டோபரில் கற்றது. சென்னையில் பெரும்பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி அந்த மாதம் திவாலானது. விதவைகள், ஓய்வு பெற்றவர்கள், மிராசுதாரர்கள் என்று பலரின் பணம் போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. பணம் முழுவதும் திரும்பவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்களின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

ஆனால் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. ரிசர்வ் வங்கி 1935இல் தொடங்கியது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. வங்கிகளுக்கான முழுச் சட்டம் 1949இல்தான் வந்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கியும் விழுந்த பிறகு, 1962 ஜனவரி 1 முதல் வைப்புத் தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய். அர்பத்நாட்டிலிருந்து காப்பீடு வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஒவ்வொரு விதிக்கும் முன்னால் ஒரு வீழ்ச்சி இருக்கிறது.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 2019 ஜூனில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சாய்ந்தது. 2020 ஜனவரியில் பசவனகுடி ஸ்ரீ குரு ராகவேந்திர சகாகார வங்கியில் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. வாசலில் நின்ற முதியவர்களின் முகம் பலருக்கு நினைவிருக்கும்.

வால்ட்: புதிய பெயரில் பழைய தொழில்

கிரிப்டோ உலகத்தின் வங்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு வால்ட் என்ற நிறுவனமே நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு. சிங்கப்பூரில் பதிவு, பெங்களூரில் செயல்பாடு. மக்கள் தங்கள் கிரிப்டோ காசுகளை அங்கே வைக்கலாம், வட்டி கிடைக்கும். டாலரோடு கட்டிவைத்த நிலைக்காசு எனப்படும் வகைக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி தருவதாக விளம்பரம் இருந்தது. 2021 ஜூலையில் அது 25 மில்லியன் டாலர் முதலீடு திரட்டியது.

பன்னிரண்டு விழுக்காடு எங்கிருந்து வரும்? பிட்காயின் பெட்டியில் கிடந்தால் குட்டி போடாது. யாருக்காவது அதைக் கடன் கொடுத்தால்தான் வட்டி வரும். கடன் வாங்குகிறவர் பெரும்பாலும் சூதாட்ட வேகத்தில் வாங்கி விற்பவர். 2022 மே மாதம் டெர்ரா என்ற நிலைக்காசு நிலைகுலைந்தது. ஜூன் 12 அன்று அமெரிக்காவின் செல்சியஸ் நிறுவனம் பணம் எடுப்பதை நிறுத்தியது. திரீ ஆரோஸ் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் வாங்கிய கடனைக் கட்டவில்லை. கிலி பரவியது. அந்த ஜூன் 12க்குப் பிறகு வால்டிலிருந்து வாடிக்கையாளர்கள் 197 மில்லியன் டாலருக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஜூலை 4 அன்று நிறுவனம் கதவைச் சாத்தியது. கொடுக்க வேண்டிய கடன் சுமார் 400 மில்லியன் டாலர். அதில் பத்தில் ஒன்பது பங்கு சில்லறை வைப்பாளர்களுடையது என்று செய்திகள் வந்தன. ஆகஸ்டில் அதன் இந்தியக் கிளையான பிளிப்வோல்ட்டில் இருந்த 370 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்தை, சட்டவிரோதக் கடன் செயலிகள் பற்றிய விசாரணையில் அமலாக்கத் துறை முடக்கியது.

பார்த்தீர்களா, தொழில்நுட்பம் புதியது, நோய் பழையது. வைப்பாளர் எப்போது கேட்டாலும் தர வேண்டிய பணத்தை, திரும்பி வர நாளாகும் இடத்தில் போட்டுவைப்பது. அர்பத்நாட்டும் அதில்தான் விழுந்தது. பழைய வங்கிக்குப் பின்னால் இன்று ரிசர்வ் வங்கி இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. வால்டுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

காசைப் பார்த்தார்கள், காவலனைப் பார்க்கவில்லை

இதற்குள் நம் அரசும் நீதிமன்றமும் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிச் சேவை தரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அந்த அக்டோபரில், பழைய ஏர்போர்ட் சாலை கெம்ப் ஃபோர்ட் மாலில் யூனோகாயின் நிறுவனம் வைத்த கிரிப்டோ ஏடிஎம்மைப் போலீசார் எடுத்துப் போனது நம்மில் பலர் செய்தித்தாளில் படித்ததே. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் பணியாற்றிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தன் கட்டுப்பாட்டில் உள்ள வங்கிகளுக்கு இதனால் நேர்ந்த தீங்கைக் காட்டாமல் இவ்வளவு கடுமை தகாது என்பதே அதன் சாரம். 2022இல் வந்தது வரி: இலாபத்தில் 30 விழுக்காடு, விற்கும்போது 1 விழுக்காடு பிடித்தம்; ஒன்றில் வந்த நட்டத்தை மற்றொன்றில் கழிக்கவும் முடியாது. 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் பரிமாற்றகங்கள் கொண்டுவரப்பட்டன.

இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு குறை தெரிகிறது. இது பணமா, பண்டமா? வங்கிக்கு ஆபத்தா? வரி எவ்வளவு? கறுப்புப் பணம் வருமா? இவை அனைத்தும் காசைப் பற்றிய கேள்விகள். வைப்பவனின் காசை வைத்துக்கொள்பவன் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்ற கேள்வியை யாரும் நேராகக் கேட்கவில்லை. பணம் போனவர்களில் பலருக்கு அது போனது காசின் குணத்தால் அல்ல, காவலனின் கையால்.

சென்னை ஆணை செய்ததும் செய்யாததும்

இந்த இடத்தில்தான் சென்னை ஆணை முக்கியமாகிறது. வழக்குப் போட்டவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் செலுத்தி வசீர்எக்ஸ் பரிமாற்றகத்தில் 3,532.30 எக்ஸ்ஆர்பி காசுகளை வாங்கினார். 2024 ஜூலை 18 அன்று அந்தப் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள வேறு வகைக் காசுகள் களவு போயின. நிறுவனம் எல்லோருடைய கணக்கையும் முடக்கி, சிங்கப்பூர் நீதிமன்றத் திட்டத்தின் வழியாக நட்டத்தை எல்லா வாடிக்கையாளருக்கும் பகிர முனைந்தது.

எங்கள் பேட்டை மொழியில் சொன்னால், ஒருவர் வைத்த பட்டு மூட்டை திருட்டுப் போனதற்காக இன்னொருவர் வைத்த பருத்தி மூட்டையைப் பிரித்துப் பங்கு போடுவது. நீதிபதி இதை ஏற்கவில்லை. மனுதாரரின் காசு களவு போன காசு அல்ல. அது அவருடைய சொத்து. அதைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு. நியூசிலாந்து உயர் நீதிமன்றம் 2020இல் கிரிப்டோபியா வழக்கில் சொன்னதையும் எடுத்துக்காட்டினார். மத்தியஸ்தம் முடியும் வரை 9,56,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும் அல்லது அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று ஆணையிட்டார். அதாவது, இது அடைக்கலம், கடன் அல்ல என்று ஒரு நீதிமன்றம் நம் மண்ணில் சொல்லிவிட்டது. பாராட்ட வேண்டிய செய்தி.

ஆனால் திறனாய்வு என்றால் எல்லையையும் சொல்ல வேண்டுமல்லவா? முதலாவது, இது ஒருவருக்குக் கிடைத்த இடைக்காலப் பாதுகாப்பு. எல்லோருக்கும் விதி அல்ல. இரண்டாவது, மனுதாரர் காசை வாங்கி வைத்திருந்தார், அவ்வளவே. வால்ட் போல வட்டிக்குக் கொடுத்திருந்தால்? அதற்கு விடை 2023 ஜனவரியில் நியூயார்க் திவால் நீதிமன்றத்திலிருந்து வந்தது. செல்சியஸின் வட்டிக் கணக்குகளில் இருந்த 420 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று நீதிபதி மார்ட்டின் கிளென் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தில் உரிமை கைமாறுவதாக எழுதியிருந்தது. வாடிக்கையாளர்கள் அதைச் சம்மதித்திருந்தார்கள். செயலியில் "என் இருப்பு" என்று காட்டியது. ஒப்பந்தத்தில் அது கடன். முன்பு சொன்ன வாய்மைக் குற்றம் இதுதான்.

வேண்டுவது என்ன

சிங்கப்பூர் பாடம் கற்றது. 2023 ஜூலையில் அதன் நாணய ஆணையம், வாடிக்கையாளர் காசை நம்பிக்கைப் பொறுப்பில் தனியாக வைக்க வேண்டும், சில்லறை வாடிக்கையாளர் காசைக் கடனுக்கு விடக் கூடாது என்று அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டமும் வாடிக்கையாளர் சொத்தைப் பிரித்து வைக்கச் சொல்கிறது. பிரித்து வைப்பதன் பயனுக்குச் சான்றும் உண்டு. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் நிறுவனத்தின் சொந்தச் செயல்பாட்டுக் கணக்கிலிருந்து 44 மில்லியன் டாலர் களவு போனது. வாடிக்கையாளர் காசு தனியாக இருக்கிறது, நட்டம் எங்களுடையது என்று நிறுவனம் அறிவித்தது. களவு ஒன்றுதான், யார் தலையில் விழுந்தது என்பதில்தான் வேறுபாடு.

ரிசர்வ் வங்கியின் இ-ரூபாய் இதிலிருந்து வேறானது. 2022 டிசம்பர் 1 அன்று சில்லறைச் சோதனை தொடங்கிய முதல் நான்கு நகரங்களில் பெங்களூரும் ஒன்று. அது நோட்டைப் போல ரிசர்வ் வங்கியே தரும் வாக்கு. இடையில் கடன் வாங்கிச் சுழற்றுபவர் யாரும் இல்லை. அதனால்தான் அதற்கு வட்டியும் இல்லை. இதைக் குறையென்று சொல்பவர்கள் வட்டியின் பொருளை மறந்தவர்கள்.

ஆகவே சட்டம் இயற்றுவோருக்கு ஒரு வேண்டுகோள். காசு என்ன சாதி என்ற வாதம் நடக்கட்டும். அதற்குக் காத்திராமல், வைப்பவருக்குப் புரியும் மொழியில், முதல் பக்கத்தில், "இது அடைக்கலம்" அல்லது "இது கடன்" என்று எழுதியே தீர வேண்டும் என்று விதி செய்யுங்கள். அடைக்கலம் என்றால் தனிப் பெட்டி, தனிக் கணக்கு, வெளித் தணிக்கை. கடன் என்றால் யாருக்குக் கொடுக்கிறீர்கள், என்ன ஈடு, திருப்பித் தர என்ன இருப்பு என்று சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் இந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறார்கள். இதில் இறங்காதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். காசைப் போடும் முன், "தம்பி, வட்டி தர்றாங்களா? அப்போ நீ வைக்கல, கொடுக்கிற. யாருக்குக் கொடுக்கிறன்னு கேட்டியா?" என்று மட்டும் கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பணம் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.